முதலாளி வீட்டுக் கல்யாணமும் புது சாஃப்ட்வேரும்

கரோல் பாக்கில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில், அணைக்க யாருக்கும் தைரியம் இல்லாத ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஒருமுறை அணைத்துவிட்டால் மறுபடி உயிர் வராது என்று பயம். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸ் கிடையாது. கீபோர்டில் பாதி எழுத்து தேய்ந்து போயிருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி அதன் நெற்றியில் குங்குமம் வைத்து, கேந்திப்பூ மாலை போட்டு, லட்டு காட்டுவார்கள். கல்யாணம், மாநாடு, கண்காட்சி எதுவானாலும் பந்தலிலிருந்து பாத்திரம்வரை கொண்டுபோய் இறக்கி நடத்திக் கொடுக்கிற கம்பெனி அது. எந்த லாரி எங்கே போக வேண்டும், யார் பூ, யார் விளக்கு என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான் தெரியும். அதற்குப் புரோகிராம் எழுதியவர் எப்போதோ கனடாவுக்குப் போய்விட்டார். கொஞ்ச காலம் ஃபோன் எடுத்தாராம், அப்புறம் அதுவும் இல்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

அந்தப் பெட்டிக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் புது சாஃப்ட்வேர் எழுதத்தான் என்னை எடுத்தார்கள். எனக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. குர்கானில் நான் இருந்த பெரிய கம்பெனி எங்கள் டீமையே இழுத்து மூடிவிட்டது. அதற்குப் பிறகு போன இன்டர்வியூக்களில் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் என் மகள் வயசு. "ஆன்ட்டி, இந்த ஸ்பீடு உங்களுக்கு ஒத்துவருமா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். "ஒத்துவராதும்மா, நீ ஓடு, நான் பின்னால நடந்து வாரேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அப்படி இருக்கும்போது கரோல் பாக் வேலை கசக்கவா செய்யும்? லோதி ரோட்டில் என் கணவருக்குக் கொடுத்த அரசாங்கக் குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பி, ஜோர் பாக்கில் மெட்ரோ ஏறி, ராஜீவ் சௌக்கில் பிதுங்கி மாறி, ஆபீஸ் போய்ச் சேர்ந்தால் சூடாக இஞ்சி டீ வரும். குர்கானில் மெஷின் காபிதான் குடித்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி பஞ்சாபிக்காரர். வாட்டசாட்டமான ஆள். அவர் ரகசியம் பேசினால் கீழே செருப்புக் கடைக்காரருக்குக் கேட்கும். அவர் பேசியதெல்லாம் ஹிந்திதான், எனக்குள் அது தமிழாகத்தான் தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து புதுசை எழுதி முடித்தேன். ஆபீஸில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கலர் கலராகத் திரை, விரலால் தொட்டால் போதும். எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். "ரொம்ப அழகா இருக்கு மேடம், கண்ணு பட்டுடும்" என்றார் குடோன் பொறுப்பாளர். மறுநாள் போய்ப் பார்த்தால் அத்தனை பேரும் கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறார்கள். "ஏன் பையா, புதுசு என்னாச்சு?" என்றேன். பையா என்றால் ஹிந்தியில் அண்ணன். "அழுக்காயிடக் கூடாதுன்னு வச்சிருக்கோம் மேடம்" என்றார். சோபாவுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைப் பத்து வருஷம் கழற்றாத ஜனங்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, நேரே முதலாளியின் அறைக்குப் போனேன்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். "மேடம், ஊரான் வீட்டுக் கல்யாணத்துல நான் பரீட்சை பண்ண மாட்டேன். ஒரு பொண்ணோட கல்யாணம் கெட்டுப்போனா அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "என் பொண்ணு கல்யாணம் வருது. அதை உங்க புதுசுல போடுங்க. கெட்டா என் வீட்டுக் கல்யாணம்தான் கெடும். நல்லா நடந்தா எல்லாத்தையும் இதுக்கு மாத்திடலாம். கெட்டுச்சுன்னா, நீங்களும் வேண்டாம், உங்க சாஃப்ட்வேரும் வேண்டாம். அச்சா?"

அச்சா என்று சொல்லிவிட்டு வந்தேனே ஒழிய, அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்கு ஒரே மகள். எனக்கும் இதை விட்டால் வேறு வேலை கிடையாது.

முதலாளி அத்தோடு நிறுத்தவில்லை. எல்லோரையும் நிற்க வைத்து, "புது சிஸ்டம் என்ன சொல்லுதோ அதை அப்படியே செய்யணும். யாரும் சொந்த மூளையை நடுவுல விடக் கூடாது. சந்தேகம் கேட்டு எனக்கு ஃபோன் பண்ணக் கூடாது" என்று உத்தரவு போட்டார். கடைசி உத்தரவு அவருடையது இல்லை, அவர் மனைவியுடையது. கல்யாண வாரத்தில் கம்பெனி ஃபோனை எடுத்தால் பெண்ணுக்குத் தாய்மாமனே கன்னிகாதானம் செய்து கொடுப்பான் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார்களாம்.

புது சாஃப்ட்வேரில் எனக்குப் பெருமையான விஷயம் ஒன்று உண்டு. தேதியும் நேரமும் கொடுத்துவிட்டால் போதும், நேர வரிசைப்படி எல்லாவற்றையும் அடுக்கி, பூக்காரர், விளக்குக்காரர், மந்திரம் சொல்கிற பண்டிட்ஜி என்று அவரவர் மொபைலுக்குத் தானாகவே மெசேஜ் போய்விடும். குடோன் பொறுப்பாளர் கல்யாணத் தேதியைப் போட்டார். இரவு பராத், அதாவது மாப்பிள்ளை ஊர்வலம். அப்புறம் விருந்து. ஃபேரா காலை ஐந்து மணி. அக்னியைச் சுற்றி வருகிறார்களே அதுதான் ஃபேரா, நமக்குத் தாலி கட்டு எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் வாங்கி ஒழுங்காக அடுக்கியது. முதலில் காலை ஐந்து மணிக்கு ஃபேரா, பிறகு இரவில் ஊர்வலம், விருந்து.

அதை நான் சரிபார்த்தேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தேன். விடிகாலையில் முகூர்த்தம், சாயங்காலம் ரிசப்ஷன். இதைவிடச் சரியாக ஒரு கல்யாணம் இருக்க முடியுமா? "பரவாயில்லையே, பஞ்சாபிக்காரங்களும் நல்ல முகூர்த்தம் பாக்க ஆரம்பிச்சுட்டாவளே" என்று வீட்டில் போய்ச் சொன்னேன். என் கணவரும் "நல்ல காரியம்லா" என்றார். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலி. எங்களுக்கு இதில் என்ன சந்தேகம் வரும்?

முதலாளி எங்களைத் தனியாக வேறு அழைத்திருந்தார். "எல்லாரும் சாப்பிட்டுட்டு ஓடிடுவாங்க. நீங்க ஃபேராவுக்கு இருக்கணும் மேடம்." அழைப்பிதழ் என்று மொபைலுக்கு ஒரு வீடியோ வந்தது. தங்க யானை இரண்டு பக்கமும் பூத் தூவிக்கொண்டு வந்தது, யானை போய் எழுத்து வருவதற்குள் நான் மூடிவிட்டேன்.

கல்யாணத்தன்று விடிவதற்கு முன்பே சத்தர்பூர் பக்கம் ஒரு பண்ணைவீட்டு வாசலில் டாக்சியில் போய் இறங்கினோம். நல்ல குளிர், பனிமூட்டம். நான் அரக்குக் கலர் பட்டுப்புடவை, தலையில் மல்லிகைப்பூ. என் கணவர் பட்டு வேஷ்டி, அதற்கு மேலே ஸ்வெட்டர், அதற்கும் மேலே மஃப்ளர், கையில் மொய்க் கவர். உள்ளே மணவறை ஜோடித்து முடித்திருந்தார்கள். கண்கொள்ளாத அழகு! வெள்ளைப் பூவும் கேந்திப்பூவுமாகச் சரம் சரமாகத் தொங்குகிறது, நடுவில் அக்னி குண்டம் தயார். ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை. பண்டிட்ஜி மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

என் கணவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஏட்டி, பொண்ணு மாப்பிள்ளைய கூப்பிட மறந்துட்டாவளா?"

"சும்மா இருங்க. வந்துருவாவ."

"உன் சாஃப்ட்வேரு எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பும்னியே. பொண்ணுக்கு அனுப்பலையோ?"

பண்டிட்ஜியிடம் போய் மெதுவாகக் கேட்டேன். அவர் என் பட்டுப்புடவையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மகளே, ஃபேரா நாளைக்கு விடியக்காலையில. இன்னிக்கு ராத்திரிதானே பராத்தே வருது" என்றார்.

"அப்போ நீங்க ஏன் பண்டிட்ஜி வந்தீங்க?"

"மெசேஜ் வந்துச்சே! பெரிய இடம். வேற ஜோசியர் யாராவது நேரத்தை மாத்திட்டாரோன்னு நினைச்சேன். நாமதான் பொழைப்பைப் பாக்கணும்."

சின்ன வயசிலேயே டெல்லிக்கு வந்து வளர்ந்தவள்தானே, இது தெரியாதா என்று கேட்பீர்கள். லக்ஷ்மிபாய் நகரில் அப்பாவின் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலிருந்து எத்தனையோ பஞ்சாபிக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். போவோம், கோல்கப்பா சாப்பிடுவோம், கவரைக் கொடுப்போம், கடைசி பஸ் போவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவோம். ஃபேரா என்ற ஒன்றை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. இங்கே கல்யாணத் தேதி என்றால் அன்றைக்குச் சாயங்காலம் தொடங்கி, ராத்திரி தாண்டி, மறுநாள் விடிந்தும் அதே தேதிதான். இது இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும், அதனால் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. மணவறை கட்டிய ஆட்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஆனால் சொந்த மூளையை விடக் கூடாது என்று உத்தரவாயிற்றே! அவர்கள் ஏணியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு டெல்லியின் மறுகோடியில் இருக்கிற ரோகிணியில் அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிப் போயும் விட்டார்கள்.

அன்றைக்குப் பெரிய முகூர்த்த நாள். டெல்லி முழுக்க எந்தத் தெருவில் திரும்பினாலும் கல்யாணம். ஒரு முழம் பூ உபரியாகக் கிடைக்காது, ஓர் ஆள் கிடைக்க மாட்டான். இந்தப் பூ பகல் முழுக்க வெயிலில் நின்று, ராத்திரி தாண்டி, மறுநாள் விடிகிறபோது பெண்ணின் தலைக்கு மேலே எப்படி இருக்கும்? நினைக்கவே பயமாக இருந்தது. ஃபோனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டேன். என் வாழ்க்கையில் அத்தனை பயத்தோடு நான் யாரையும் கூப்பிட்டதில்லை.

பைஜாமாவுக்கு மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினார். மணவறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அப்புறம் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"நீங்க எதுக்கு மேடம் இந்த நேரத்துல?"

"கல்யாணத்துக்கு வந்தோம் சார்."

அதற்கப்புறம் வெடித்தார் பாருங்கள்! "பூவுக்கு நான் எங்கே போவேன்? ஊரார் பொண்ணுக்கெல்லாம் புதுப் பூ போட்டுக் கொடுத்தேன். என் பொண்ணு வாடின பூவுக்குக் கீழே உக்காரணுமா?" கத்திக்கொண்டே வந்தவர் கடைசி வார்த்தையைப் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்காத குரலில் சொன்னார். கத்தியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அந்தச் சின்னக் குரலைத்தான் தாங்க முடியவில்லை. எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. வேலை போவதெல்லாம் அப்போது நினைவிலேயே இல்லை. யார் வீட்டுப் பெண்ணோ ஒருத்திக்கு இப்படிச் செய்துவிட்டோமே என்றுதான் அழுதேன்.

என் கணவர் மஃப்ளரை அவிழ்த்துத் தோளில் போட்டார். ஆபீஸில் ஃபைல் நகர்த்துவதைத் தவிர அவர் அவசரமாக எதுவும் செய்து நான் பார்த்ததில்லை. "எதுக்கு அழுத? பூவை ஈரத்துணியிலதான சுத்தி வைப்போம்? இந்தக் குளிருக்கு ஊரே ஃப்ரிட்ஜு மாதிரிதான் கெடக்கு. மூடிப் போட்டா ரெண்டு நாளைக்கு நிக்கும்" என்றவர், முதலாளியைப் பார்த்துத் ஈரத்துணி சீக்கிரம் வேண்டும் என்பதைத் தமக்குத் தெரிந்த ஹிந்தியில், "சார், கீலா கப்டா! ஜல்தி!" என்றார்.

பந்தல் துணிக்கு அங்கே பஞ்சமா? வெள்ளைத் துணிகளைத் தோட்டத்துக் குழாயில் நனைத்துப் பிழிந்தோம். கை விறைத்துப் போனது. காவல்காரரிடம் ஏணி வாங்கி, பெண்ணின் அப்பாவே சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே ஏறினார். கீழே நின்று என் கணவர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துணியை நீட்ட, நான் பட்டுப்புடவையோடு ஏணியைப் பிடிக்க, பண்டிட்ஜி "இடது பக்கம் இறக்கம், இடது பக்கம்" என்று உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். மூடி முடித்தபோது வெயில் வந்துவிட்டது. ஏணியிலிருந்து இறங்கிய முதலாளி மூச்சு வாங்க ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தார். பட்டும் சேறுமாக நின்ற எங்களைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கல்யாணத்துக்கு வந்தாங்களாம்!" என்று தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "மேடம், இந்தத் தொழில்ல ராத்திரி பன்னெண்டு மணிக்கு நாள் முடியாது. பொண்ணு வண்டியில ஏறிப் போனதுக்கு அப்புறம்தான் அந்த நாள் முடியும். அதை உங்க சாஃப்ட்வேருக்குச் சொல்லிக் கொடுங்க. விதாயி முடிஞ்சதும் நான் சொல்றேன், நீங்க இருக்கீங்களா இல்லையான்னு." பெண்ணை மாப்பிள்ளையோடு அனுப்பி வைப்பதுதான் விதாயி.

பழைய பெட்டியில் தேதி தானாக மாறாது. யாராவது வந்து ஒரு பொத்தானை அழுத்தி, நாள் முடிந்தது என்று சொல்ல வேண்டும். உள்ளேயே கடிகாரம் இருக்கிற கம்ப்யூட்டருக்கு மனுஷன் வந்து நாள் முடிந்ததைச் சொல்வதா, என்ன கூத்து இது என்று நான் அதைப் புதுசில் வைக்கவே இல்லை. இப்போது வைத்தேன். பண்ணைவீட்டின் பின்கட்டில் சமையல்காரர்கள் மலைபோலப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மடியில் லாப்டாப்பை வைத்து, தலையில் வாடிய மல்லிகையோடு உட்கார்ந்து எழுதினேன். ஒரு நிகழ்ச்சிக்கு யார் பொறுப்போ அவர் மொபைலில் 'விதாயி முடிந்ததா?' என்று ஒரு கேள்வி வரும். ஆமாம் என்று அழுத்தினால்தான் தேதி மாறும், அடுத்த நாள் வேலைக்கான சீட்டும் அப்புறம்தான் குடோனுக்குப் போகும். இந்தக் கல்யாணத்துக்கு யார் நம்பரைப் போட என்று கேட்டேன். "என் வீட்டுக் கல்யாணம். என் நம்பரைப் போடுங்க" என்றார். அதற்குள் என் கணவர் மாப்பிள்ளைக்காகப் போட்டிருந்த சிவப்பு வெல்வெட் சோபாவில் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.

அன்று ராத்திரி நடந்தது கல்யாணம்! குதிரை வந்தது, பேண்டு வந்தது, மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் என் கணவரையும் இழுத்து பாங்க்ரா ஆட வைத்தார். வேஷ்டியோடு பாங்க்ரா ஆடியதை ஊரே வீடியோ எடுத்தது. கூட்டமெல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய பிறகு, நெருங்கிய சொந்தக்காரர்கள் மட்டும் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் சுருண்டிருக்க, ஈரத்துணியை இழுத்தோம். பூ ஒன்றுகூட வாடவில்லை. பண்டிட்ஜி நேற்று வந்த அதே நேரத்துக்கு மந்திரத்தைத் தொடங்கினார். அந்தப் பெண் அக்னியைச் சுற்றி வந்ததை முதல் தடவையாக என் கண்ணால் பார்த்தேன். பக்கத்தில் நின்ற முதலாளியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

விடிந்ததும் விதாயி. பெண் முன்னால் நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல், கை நிறைய அரிசியை எடுத்துத் தலைக்குப் பின்னால் வீசினாள். அம்மா முந்தானையில் ஏந்திக்கொண்டார். கார் கேட்டைத் தாண்டித் திரும்பிப் போயிற்று. அவ்வளவு பேரும் அழுதார்கள். முதலாளி மட்டும் அழவில்லை, எல்லோருக்கும் டீ கொடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் என் ஃபோன் அடித்தது. குடோன் பொறுப்பாளர். "மேடம், உங்க புதுசு மாட்டிக்கிச்சு. இன்னும் நேத்துத் தேதியே காட்டுது. பந்தல் பிரிக்கப் போற லாரி குடோன் கேட்ல நிக்குது, சீட்டு வரல."

முதலாளியைத் தேடிக்கொண்டு ஓடினேன். மணவறைப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். தோளில் இரண்டு மணி அரிசி ஒட்டியிருந்தது. கையில் மொபைல். திரையில் நான் எழுதிய கேள்வி நின்றுகொண்டிருந்தது. 'விதாயி முடிந்ததா?'

"சார்..."

"கேக்குது மேடம்" என்றார். "அப்போதிருந்து கேட்டுக்கிட்டே இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்ல சாஃப்ட்வேர். அவசரப்படுத்த மாட்டேங்குது. நாளையிலேருந்து எல்லாத்தையும் இதுலயே போடுங்க" என்றார். எத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை! துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"இதை உங்க மொபைல்லேருந்தும் அழுத்தலாமா மேடம்?"

"அழுத்தலாம் சார்."

"அழுத்தாதீங்க" என்றார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

ஃபோன் மறுபடியும் அடித்தது. எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் எடுத்தேன். "பையா, சாஃப்ட்வேர் நல்லாத்தான் இருக்கு. இங்கே இன்னும் நாள் முடியல" என்றேன். "டிரைவரை இறங்கி ஒரு டீ குடிக்கச் சொல்லுங்க."